நாற்புள்ளிப் புண்ணும் நான்கு மருந்துகளும்

தையல்காரரின் மனைவி மனத்தில் தையல்காரருக்கு இரண்டாவது இடம்தான். முதலிடம் சீமாட்டிக்கு. இதில் அவருக்கு வருத்தமில்லை. சீமாட்டி ஒரு பெண்குதிரை என்பதால் ஊரிலும் யாரும் தப்பாகப் பேசவில்லை. கல்யாணமானபோது மனைவி பிறந்த வீட்டிலிருந்து ஒரு பீரோவும் ஒரு குதிரையும் கொண்டுவந்தாள். பீரோவைத் தையல்காரர் எடுத்துக்கொண்டார். குதிரைப் பக்கம் அவர் போகவில்லை. ஊரில் பாதிப் பேருடைய மார்பையும் இடுப்பையும் நாடாவால் அளந்தவர்தான் என்றாலும், உதைக்கக்கூடிய வாடிக்கையாளரிடம் அவருக்குப் பழக்கமில்லை.

கடையில் தைக்கிற மருத்துவமனை உடுப்புகளை வண்டியிலேற்றி, சீமாட்டியைப் பூட்டி, ஊரெல்லாம் கொடுத்துவிட்டு வருவது மனைவியின் வேலை. அக்காவின் பிரசவத்துக்கு அவள் வெளியூர் கிளம்பியபோது புருஷனுக்குச் சொன்னது ஒரு வரி. சாப்பாட்டைப் பற்றியோ பூட்டுச்சாவியைப் பற்றியோ அல்ல.

"நான் எப்படி விட்டுட்டுப் போறேனோ அப்படியே எனக்கு அவ வேணும். அவ்வளவுதான்."

தையல்காரர் தலையாட்டினார். மனைவி போன மறுநாளே சீமாட்டியின் வாலடியில் ஒரு சிவப்புத் தடிப்பு தெரிந்தது. ஈ கடித்திருக்கும். ஆனால் தையல்காரருக்கு ஈயைப் பற்றியும் தெரியாது, குதிரையைப் பற்றியும் தெரியாது, மனைவியைப் பற்றித்தான் தெரியும். எனவே வியர்த்துக் கொட்டியது. தெருக்கோடியில் இருந்த குதிரை உரிமையாளர் நலச் சங்கத்துக்குக் குதிரையைப் பிடித்துக்கொண்டு ஓடினார். உண்மையில் குதிரைதான் அவரைப் பிடித்துக்கொண்டு போனது.

சங்கம் பெரிய கட்டடம். முன்னால் கூட்ட அறை, பின்னால் லாயம், நடுவில் வழவழவென்று ஒரு கல்மேடை. குதிரை மேல் ஏறுவதற்காக ஒரு காலத்தில் போட்டது. இப்போது அதன் மேல் ஏறுகிறவர்கள் குதிரை வரைக்கும் போவதில்லை. அங்கேயே நின்று பேசிவிட்டு இறங்கிவிடுவார்கள். வாசல் வளைவில், "புண்ணில்லாப் புரவியே நம் பெருமை" என்று பித்தளை எழுத்தில் பொறித்திருந்தது. லாயத்தில் வரிசையாக நின்ற குதிரைகள் ஒவ்வொன்றின் மார்பிலும் ஒரு பூச்சு. சிலதுக்குக் கறுப்பு, சிலதுக்கு மஞ்சள், சிலதுக்கு வெள்ளை. ஏதோ அலங்காரம் போலிருக்கிறது என்று தையல்காரர் நினைத்துக்கொண்டார்.

செயலாளர் அவரை வரவேற்றார். பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு மட்டக்குதிரை வைத்திருந்தார். அதன் மேல் ஏறியதே இல்லை, அது அவரைக் கவனித்ததும் இல்லை. வாலடித் தடிப்பை அவர் பார்க்கவேயில்லை. உறுப்பினரல்லாத குதிரையின் புண்ணைப் பார்ப்பது மரபல்ல என்று விளக்கினார். முதலில் சேர வேண்டும். சேர்ந்தால் பதக்கம் தருவார்கள்.

பதக்கம் என்றால் உள்ளங்கை அகலப் பித்தளை வட்டு. முன்பக்கம் குதிரைத் தலையும் சுற்றிலும் அந்தப் பெருமை வாசகமும். அதைத் தோல்வாரில் கோத்துச் சீமாட்டியின் மார்பில் இறுக்கிக் கட்டிய செயலாளர், இதை எந்நேரத்திலும் கழற்றக் கூடாது என்றார். ராத்திரி அது தூங்கும்போதாவது கழற்றலாமா என்று தையல்காரர் கேட்டார்.

"சங்கம் தூங்குறதில்ல, தம்பி" என்றார் செயலாளர். அவர் கண்கள் அரைத்தூக்கத்தில் இருந்தன.

சில நாள் சங்க லாயத்திலேயே நிறுத்திவைத்ததில் வாலடித் தடிப்பு தானாகவே மறைந்துவிட்டது. தையல்காரர் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டுக் குதிரையை வீட்டுக்குக் கூட்டிப்போக வந்த காலையில், சீமாட்டியின் மார்பில், பதக்கத்துக்குக் கீழே, ஒரு புண் இருந்தது. நான்கு புள்ளிகள், ஒரு சதுரத்தின் நான்கு மூலைகள் போல. ரோமம் உதிர்ந்து, சிவந்து, ஈரம் கசிந்தது. செயலாளரைக் கூப்பிட்டார். செயலாளர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், தையல்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"வாழ்த்துகள். வந்துடுச்சு."

"என்னங்கய்யா வந்துடுச்சு?"

"நாற்புள்ளி. சங்கத்துக் குதிரைங்க எல்லாத்துக்கும் வரும். சிலதுக்குச் சேர்ந்து ஒரு மாசம் கழிச்சுதான் வரும். உங்களுது கெட்டிக்காரக் குதிரை."

வெளியில் இருக்கிற குதிரைகளுக்கு இது வருவதில்லையா என்று கேட்டதற்கு, வருவதில்லை என்றும், அதற்குக் காரணம் வெளியாட்களிடம் புண்ணைப் பற்றிய விழிப்புணர்வு அறவே இல்லாததுதான் என்றும் செயலாளர் வருத்தத்தோடு சொன்னார். பிறகு இன்னொன்றும் சொன்னார். புண் ஆறும்வரை எந்தக் குதிரையும் வாசலைத் தாண்டக் கூடாது. புண்ணோடு ஒரு குதிரை வெளியே போனால் வளைவில் உள்ள வாசகம் என்னாவது?

தையல்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. குதிரையை உள்ளே விட்டாயிற்று; வெளியே கொண்டுவர, அது இங்கே குணமாக வேண்டும். இங்கே எது குணமாகியிருக்கிறது என்று அவர் லாயத்தை ஒரு பார்வை பார்த்தார். பார்க்காமலே இருந்திருக்கலாம்.

அன்று மாலை அனுபவ அரங்கு கூடியது. சங்கத்தின் உயிர்மூச்சே அதுதான். யாராவது ஒருவர் கல்மேடை மேல் ஏறித் தன் களிம்பைப் பற்றிய அனுபவத்தைச் சொல்வார். மற்றவர்கள் கண்ணை மூடிக் கேட்பார்கள். கேள்வி கேட்கலாம், ஆனால் கேட்பவரின் குதிரைக்குப் பேசுபவரின் குதிரையைவிடப் பழைய புண் இருக்க வேண்டும். அதனால் தலைவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை.

தலைவர் வாடகைச் சாரட்டுகள் வைத்திருப்பவர். அகலமான ஆள், அதைவிட அகலமான குரல். கறுப்புக் களிம்பு அவருடையது: தாரும் கொழுப்பும் சேர்த்துக் காய்ச்சியது.

"இருபது வருஷமா இதத்தான் தடவுறேன்" என்றார் தலைவர். "ஒரு நாள் விட்டதில்ல. எங்க அப்பா முப்பது வருஷம் தடவினாரு. அதே குதிரைக்கு இல்ல, வேற வேற குதிரைக்கு. ஆனா புண்ணு அதே புண்ணு. எவ்வளவு காலமானாலும் அசையல. அப்படி ஒரு பிடிமானம் வேற எந்தக் களிம்புல கிடைக்கும், சொல்லுங்க?"

கைதட்டல் எழுந்தது. கேள்வி கேட்கக் கூடாது என்பது தெரியாத தையல்காரர், ஆறியதா என்று கேட்டுவிட்டார். தலைவர் அவரைக் கோபமில்லாமல் பார்த்தார். சின்னப் பிள்ளை பந்தியில் எழுந்து நின்றால் பார்ப்பது போல.

"ஆறுறது பெரிசில்ல, தம்பி. கட்டுப்பாட்டுல இருக்கணும்."

அடுத்து செயலாளரின் மஞ்சள் களிம்பு. தேனும் மெழுகும். தடவிய இரண்டாம் நாளே அவருடைய மட்டக்குதிரையின் முகத்தில் ஒரு தெளிவு வந்ததாம். புண்ணில் என்ன வந்தது என்பதை நேரமின்மையால் விட்டுவிட்டார். வெள்ளைக் களிம்புக்காரர் அன்று வரவில்லை. அவருக்குப் பதில் அவருடைய மச்சான் வந்து, "மாமா சொல்லச் சொன்னாரு, வெள்ளைதான் நல்லதாம்" என்று சொல்லிவிட்டு இறங்கினார். அதற்கும் கைதட்டினார்கள்.

கடைசியில் பால்வண்டி அக்கா ஏறினார். விடியுமுன் ஊருக்குப் பால் ஊற்றுகிறவர். முழங்கை வரை சட்டையைச் சுருட்டிவிட்டிருந்தார். விடிகாலையில் பால் வேண்டும் என்று தலைவரின் வீட்டம்மா சொன்னதால், அக்காவின் குதிரைக்கு மட்டும் வாசலைத் தாண்டப் பின்வாசல் ஒன்று திறந்துவிட்டிருந்தார்கள். அவருக்குக் களிம்பே பிடிக்காது. உப்புத் தண்ணீர்தான். கழுவணும், துடைக்கணும், கழுவணும், துடைக்கணும். வேற ஒண்ணும் வேண்டாம் என்றார். எட்டு வருடமாக அப்படித்தான் செய்கிறாராம். இப்போது எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

புதுப் புண்ணைப் பங்கு போடுவது சங்கத்தின் வழக்கம். யாருக்கும் மனக்குறை வரக் கூடாதல்லவா? நல்லவேளையாக நான்கு புள்ளிகள், நான்கு மருந்துகள். தையல்காரரின் காதில் செருகியிருந்த துணிச் சுண்ணாம்பைச் செயலாளர் கேட்டு வாங்கி, சீமாட்டியின் மார்பில் நெடுக்காக ஒரு கோடும் குறுக்காக ஒரு கோடும் போட்டார். மேல் இடது தலைவருக்கு, மேல் வலது செயலாளருக்கு, கீழே வெள்ளையும் உப்புத் தண்ணீரும். சீமாட்டி பெருமூச்சு விட்டதில் கோடுகள் கொஞ்சம் கோணின. அதிலிருந்துதான் எல்லைத் தகராறு ஆரம்பமானது.

வெயிலில் தார் உருகி வெள்ளைப் பகுதிக்குள் இறங்கியது. வெள்ளைக் களிம்புக்காரரின் மச்சான் வந்து இது ஆக்கிரமிப்பு என்றார். உப்புத் தண்ணீர் தெறித்து மேலிருந்த தேனைக் கரைத்தது. தேனுக்கு எறும்பு வந்தது. எறும்பு எந்தப் பகுதிக்கும் கட்டுப்பட்டதல்ல என்பதால் அதைக் கண்காணிக்க ஒரு குழு போட்டார்கள். தையல்காரர் தினமும் கடையை மூடிவிட்டு வந்து, புண்ணைச் சுற்றி நின்று பேசுகிறவர்களின் முதுகைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். முதுகுகளின் அளவு மட்டும் அவருக்கு மனப்பாடமானது.

பொறுக்கமுடியாமல் ஒரு நாள், கால்நடை மருத்துவரைக் கூப்பிடலாமே என்றார். செயலாளர் அவரைத் தனியே அழைத்துப்போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"அந்த மனுஷன் நல்லவருதான். படிச்சவருதான். ஆனா சொந்தமா ஒரு குதிரை கிடையாது. ஒரு புண்ணைக்கூட வருஷக்கணக்கா வச்சிருந்து பார்த்ததில்ல. வந்தாரு, பார்த்தாரு, ஆத்திட்டுப் போயிட்டாருன்னா, அவருக்கு அனுபவம் எங்கேருந்து வரும்?"

மனைவி தொலைபேசியில் கூப்பிட்டாள். அக்காவுக்குப் பெண்குழந்தை. அடுத்த வாரம் கிளம்பி வருகிறாள். சீமாட்டி எப்படி இருக்கிறாள்?

"நல்லாருக்கா" என்றார் தையல்காரர். "தினமும் நிறைய பேரு வந்து பார்த்துட்டுப் போறாங்க."

"எதுக்கு?"

"ஒரு மரியாதைக்குத்தான்."

மனைவி தொலைபேசியை வைப்பதற்குள் தையல்காரர் தன் இல்லற வாழ்க்கை முழுவதையும் ஒருமுறை பார்த்துவிட்டார்.

அந்த வாரம் சங்கத்தின் ஆண்டு விழாவுக்காகப் பதக்கங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மெருகு போட அனுப்பினார்கள். சீமாட்டியின் பதக்கம்தான் முதலில் போயிற்று. மெருகுக்காரருக்குக் காய்ச்சல் வந்ததில் அங்கேயே தங்கிவிட்டது. நான்கு நாளில் புண் காய்ந்தது. பொருக்குத் தட்டி, ஓரத்தில் புது ரோமம் எட்டிப் பார்த்தது. தையல்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. வாழ்க்கையில் முதல்முறையாகக் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். அதுவும் உதைக்கவில்லை.

சங்கம் அல்லோலகல்லோலப்பட்டது. இப்படி ஒன்று அதுவரை நடந்ததில்லை. தார்தான் காரணம் என்றார் தலைவர். தேன் என்றார் செயலாளர். வெள்ளைக் களிம்புக்காரர் இந்த முறை நேரிலேயே வந்தார். நான்கு புள்ளிகளும் ஒரேபோல ஆறியிருந்ததால், எந்தப் புள்ளி மற்ற மூன்றுக்கும் முன்மாதிரியாக இருந்தது என்று இரண்டு நாள் வாதம் நடந்தது. இதற்குள் மெருகுக்காரருக்குக் காய்ச்சல் விட்டது. பளபளவென்று பதக்கம் வந்தது. விடைகொடுக்குமுன் ஒரு முறை கட்டிப் பார்க்கலாம் என்று கட்டினார்கள்.

மறுநாள் காலையில் நான்கு புள்ளிகளும் சிவப்பாகத் திரும்பி வந்திருந்தன.

தையல்காரர் அங்கேயே வைக்கோல் மேல் உட்கார்ந்துவிட்டார். நாளை மறுநாள் மனைவி வருகிறாள். சும்மா கையை வைத்துக்கொண்டிருக்க முடியாமல் பதக்கத்தைத் திருப்பினார். பின்பக்கத்தில் நான்கு ஆணிகளின் முனைகள் துருத்திக்கொண்டிருந்தன. அந்தப் பெருமை வாசகத்தைப் பிடித்து நிறுத்தியிருந்தவை. மெருகு போட்டதில் முன்னைவிடக் கூர்மையாக இருந்தன. ஒன்றில் சீமாட்டியின் ரோமம் ஒட்டியிருந்தது. அவர் பதக்கத்தைப் புண்ணுக்கு நேராகப் பிடித்தார். எடுத்தார். மறுபடி பிடித்தார். பக்கத்துக் குதிரைக்கும் பிடித்துப் பார்த்தார். பிறகு, அன்றைய பொதுக்குழுவில் கல்மேடை மேல் ஏறினார்.

அவருக்குப் பேச வராது. பதக்கத்தைத் திருப்பிக் காட்டி, "இதுதாங்க குத்துது" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

பால்வண்டி அக்காதான் முதலில் எழுந்தார். வந்து ஆணி ஒன்றின் மேல் விரலை வைத்து அழுத்தினார். விரலைப் பார்த்தார்.

"எட்டு வருஷம் தண்ணி சுமந்தேனே" என்றார் மெதுவாக. "விடிகாலையில எழுந்து. அதுக்கு எரியும், என்னைப் பார்க்கும். நான் சும்மா இருடின்னு சொல்வேன்."

தலைவர் தன் அகலமான கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நொடியில் சங்கம் திருந்தியிருக்கும். ஒரு திருகு, ஒரு குறடு, அரைமணி வேலை. ஆனால் செயலாளர் எழுந்துவிட்டார்.

தையல்காரரின் கண்டுபிடிப்பைச் சங்கம் தலைவணங்கி ஏற்கிறது என்றார் அவர். இத்தனை காலமும் நாம் நோயாளியை மாற்றிப் புரிந்துகொண்டுவிட்டோம் என்றார். குதிரைக்கு ஒன்றுமில்லை.

"நோய் பதக்கத்துக்கு. ஆகவே இனிமே களிம்பைப் பதக்கத்துக்குத் தடவணும்."

அறை முழுக்க மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. அத்தனை பேரின் அனுபவமும் பிழைத்துக்கொண்டது. பித்தளைக்குத் தார்தான் ஒட்டும் என்றார் தலைவர், பழைய குரலில். தேன் பளபளப்பைக் காக்கும் என்றார் செயலாளர். உப்புத் தண்ணீர் பட்டால் பித்தளை பச்சையாகிவிடுமே என்று யாரோ சொல்ல, பச்சை நம்மிடம் இதுவரை இல்லாத நிறம் என்று இன்னொருவர் வரவேற்றார். பால்வண்டி அக்கா மட்டும் லாயத்துக்குப் போய், தன் குதிரையின் வாரை அவிழ்த்து, பதக்கத்தை ஒரு கொக்கியில் மாட்டிவிட்டுப் பின்வாசல் வழியாகப் போனார். பால் வேண்டியிருந்ததால் யாரும் அதைப் பார்க்கவில்லை.

தையல்காரருக்குப் பின்வாசல் சலுகை கிடையாது. தன் குதிரையையும் பதக்கமில்லாமல் விடும்படி கும்பிட்டுக் கேட்டார். தலைவர் உண்மையாகவே இரங்கினார். ஆனால் ஒவ்வொரு உறுப்பினர் குடும்பத்திலும் ஒரு நெஞ்சாவது பதக்கத்தைத் தாங்க வேண்டும். இல்லையென்றால் சங்கம் எங்கே நிற்கிறது?

"அப்ப என் நெஞ்சுல போட்டுக்கிறேங்கய்யா" என்றார் தையல்காரர். யோசித்துச் சொன்னதல்ல. மனைவி நாளை மறுநாள் வருகிறாள் என்பதைத் தவிர அவர் மண்டையில் அப்போது வேறொன்றும் இல்லை.

தலைவர் மேடையிலிருந்து இறங்கி வந்து அவரைத் தழுவிக்கொண்டார். சங்க வரலாற்றில் இப்படி ஒரு தியாகம் இல்லை என்றார். ஒரே ஒரு நிபந்தனை: சட்டை மேல் போடக் கூடாது. குதிரை என்ன சட்டை மேலா போட்டது? வெறும் தோலில் படவேண்டும். அதே சமயம் ஊர் பார்க்கவும் வேண்டும். அடுத்த பொதுக்குழுவரை.

தையல்காரர் கடைக்குப் போய், தனக்கிருந்ததிலேயே நல்ல சட்டையை மேசையில் விரித்து, நெஞ்சுப் பக்கத்தில் வட்டமாக வெட்டி, ஓரத்தை மடித்துத் தைத்தார். காஜா போடுவது போல் நெருக்கமான தையல். வேலை சுத்தம். குதிரைக்கு ஒன்றுமில்லை என்று தீர்மானமாகிவிட்டதால், மறுநாளே சீமாட்டி வாசல் வளைவைத் தாண்டி வெளியே வந்தாள், வெறும் மார்போடு. தையல்காரர் பின்னால் நடந்தார், பளபளக்கும் நெஞ்சோடு.

மனைவி வந்து இறங்கியதும் நேராகக் குதிரையிடம் போனாள். காதைப் பார்த்தாள், பல்லைப் பார்த்தாள், நான்கு குளம்பையும் தூக்கிப் பார்த்தாள். மார்பில் கை வைத்தாள். ஒரே ராத்திரிக் குத்து என்பதால் சிவப்பு அடங்கியிருந்தது; ரோமம் கொஞ்சம் குட்டையாக இருந்தது, அவ்வளவுதான். சீமாட்டி அவள் தோளில் முகத்தைத் தேய்த்தாள்.

"நல்லாத்தான் பார்த்துக்கிட்டிருக்கீங்க" என்றாள் மனைவி. அவள் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை இதற்குமுன் வந்ததில்லை. பிறகு திரும்பி அவரைப் பார்த்தாள். சட்டையிலிருந்த வட்டத்தைப் பார்த்தாள். கிட்ட வந்து பதக்கத்தை விரலால் தூக்கினாள். அடியில், நெஞ்சில், நான்கு புள்ளிகள் இருந்தன. ஆணிகளில் தடவியது தோலில் ஒட்டியிருந்தது: ஒன்றில் கறுப்பு, ஒன்றில் மஞ்சள், ஒன்றில் வெள்ளை. நான்காவதில் ஒன்றுமில்லை; அதைத் தடவவேண்டியவர் பின்வாசல் வழியாகப் போய்விட்டாரே.

தையல்காரர் முழுக் கதையையும் சொன்னார். அவள் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. சேணத்தை அவிழ்க்கிற அதே லாவகத்தோடு அவர் கழுத்து வாரை அவிழ்த்து, வட்டை வண்டிப் பெட்டிக்குள் எறிந்தாள். ஈரத்துணியால் நெஞ்சைத் துடைத்துவிட்டாள். பொதுக்குழு வரைக்கும் போட்டிருக்கணுமே என்று அவர் முனகினார்.

"கேட்டா என்கிட்ட அனுப்புங்க. ரெண்டு நாள் காத்து படட்டும். சட்டையே போடாதீங்க."

"கடைக்கு வரவங்க என்ன நினைப்பாங்க? தையல்காரனுக்கே சட்டை இல்லியான்னு..."

அதற்குள் அவள் உடுப்பு மூட்டைகளை ஏற்றி, சீமாட்டியைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

தையல்காரர் வெறும் உடம்போடு இயந்திரத்தின் முன் உட்கார்ந்தார். முதலில் வந்தவர் மருத்துவமனைக் காவலாளி. அளவு கொடுக்கக் கையை விரித்தவர், நெஞ்சைப் பார்த்ததும் கையை இறக்கிவிட்டு, தன் மாமனாருக்கும் இதேபோல வந்தது, வேப்பெண்ணெயில்தான் போனது என்றார். அவருக்குப் பின்னால் நின்ற அம்மாள், எண்ணெய் பட்டால் போச்சு, சாம்பல்தான் என்றார். காவலாளி அப்படியா என்று திரும்பி, உங்களுக்கு எத்தனை வருஷ அனுபவம் என்று கேட்டார். அம்மாள் கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

மூன்றாவதாக வந்தவர் தைக்கக் கொடுக்க எதுவும் கொண்டுவரவில்லை. தெருவில் பேச்சுக்குரல் கேட்டு உள்ளே வந்தவர்.

"உட்கார நாற்காலி இருக்குங்களா?" என்றார்.